அத்தையின் வயிற்றில் இருந்தது

அத்தையின் வயிறு பெரிதாகிக்கொண்டே வந்ததை முதலில் கவனித்தது அம்மாதான். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிக்கு, குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றிக் கொடுப்பவள். வாலாஜாபாத்தில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். புதிதாகத் தைத்த ரவிக்கை தோளில் கச்சிதமாக இருந்தது. பாவாடை நாடாதான் எட்டவில்லை. வீட்டு விலக்கும் கொஞ்ச நாளாக முன்னே பின்னே ஆகிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

சமையலறையில் அம்மா ஏதோ காதோடு சொல்ல, அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அன்று பிற்பகல் தறி ஓடவில்லை. அத்தையைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

“யாருன்னு சொல்லிடும்மா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

“யாருமில்லண்ணா. வயிறு கனமா இருக்குது, வலிக்குதுன்னு அண்ணிகிட்ட எவ்ளோ நாளா சொல்லிக்கினு இருக்கேன்.”

“பேரை மட்டும் சொல்லு, போதும்.”

“இல்லாத ஆளுக்கு என்னா பேரு சொல்றது?”

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றோடு அத்தை வாசலுக்கு வருவது நின்றது. கேட்பவர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லும்படி எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோம் என்று என் பங்குக்கு நானும் சேர்த்துச் சொன்னேன். அம்மா அத்தைக்குச் சோறு வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். அத்தைக்குப் பாப்பா பிறக்கப்போகிறது என்பது எனக்கும் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலேயே கிளம்பி வந்தது பாப்பாவின் அவசரம், அதற்கு ஏன் அத்தையைக் கோபித்துக்கொள்கிறார்கள் என்றுதான் புரியவில்லை.

கடைசியில் செங்கல்பட்டுக்குப் புறப்பட்டோம். காஞ்சிபுரத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனால் யாருக்கும் சந்தேகம் வராது என்றுதான் என்னை அழைத்துப் போனார்கள்; இதை அம்மாவே பல வருடம் கழித்துச் சொன்னாள். பஸ்ஸில் அத்தை என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் முனகினாள்.

ஆஸ்பத்திரியில் அப்பா டாக்டரம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, “வெளியில தெரியாம முடிச்சிடணும்மா” என்றார். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த டாக்டரம்மா அவரைத் திருப்பிக் கேட்டார்.

“எதை முடிக்கணும்? உள்ள குழந்தையே இல்லீங்க. சினைப்பையில கட்டி. அது முறுக்கிக்கிட்டு இருக்கு. இன்னிக்கே எடுக்கணும், விட்டா உயிருக்கே ஆபத்து.”

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஓர் எனாமல் தட்டைக் கொண்டுவந்தாள். எடுத்ததை வீட்டாருக்குக் காட்டுவது அங்கே வழக்கமாம். என்னை அப்பால் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. உரிக்காத தேங்காய் அளவில் வெளுத்த உருண்டை ஒன்று. நடுவில் அறுத்து வைத்திருந்தார்கள். உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு. அதற்குள் சுருண்டு கிடந்தது முடி. நீளமான, கறுத்த, எண்ணெய் வழியும் முடி. ஒரு பக்கத்தில் பற்கள். என் வாயில் இருப்பவை போன்ற, நிஜமான வெள்ளைப் பற்கள்.

என் பாவாடை நனைந்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அப்பாவின் முகம் மறுபடியும் இருண்டது.

“பல்லு இருக்குதேம்மா. அப்போ இது புள்ளதானே?”

“இல்லீங்க.” டாக்டரம்மா தட்டை மூடச் சொன்னார். “நம்ம உடம்பே செல்லுங்களால ஆனது. ஒண்ணு ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும். அப்படித்தான் வளர்றோம், அப்படித்தான் புண்ணும் ஆறுது. சினைப்பையில இருக்கிற செல்லுக்கு முடி, பல்லு, தோலு எல்லாமே உண்டாக்கத் தெரியும். ஆணோட அணு சேர்ந்தாத்தான் அது முறையாப் பிரிஞ்சு குழந்தையாகும். சில பேருக்கு அதுல ஒண்ணு தன்னால பிரிய ஆரம்பிச்சிடும். எது எங்க வரணும்னு இல்லாம வளரும். முடி வரும், பல்லு வரும். குழந்தை வராது.”

“அமீபா மாதிரியா?” என்று கேட்டேன். அமீபா தானே பிளந்து இரண்டாகும் என்று அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். டாக்டரம்மா என்னை அப்போதுதான் பார்த்தார். “பிரியறது மட்டும் அது மாதிரின்னு வெச்சுக்கோ. நீ வெளிய போம்மா” என்றார்.

“யாருமே இல்லாமலா?” என்று, நான் கதவைத் தாண்டுவதற்குள் அப்பா கேட்டார்.

“யாருமே இல்லாம.”

வீட்டில் அத்தையும் இதையேதான் சொல்லியிருந்தாள். டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அப்பா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் அத்தையின் கட்டிலருகே அப்பா சாத்துக்குடியோடு நின்றார். “வெறும் கட்டிதான்மா. மாப்பிள்ளை வீட்ல நானே போய்ச் சொல்றேன்” என்றார். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லோரும் வெளியே போனதும் என் கையைப் பிடித்தாள்.

“நீ பாத்தியாமே. மூஞ்சி இருந்துச்சா?”

“இல்ல அத்தை. முடியும் பல்லும்தான்.”

கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. தையல் வலிக்கிறதாக்கும் என்று நான் நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.

வாலாஜாபாத்துக்காரர்கள் நல்லவர்கள். கட்டிதானே, கல்யாணத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா சந்தோஷமாக வந்து சொன்னார். நூல் சுற்றிக்கொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தாமல் என்னிடம் சொன்னாள்.

“உங்கப்பாகிட்ட சொல்லு. எனக்குக் கல்யாணம் வாணாம்.”

அப்பா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். இருந்தாலும் நான் திரும்பி அவரிடம் சொன்னேன்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நூல் தீர்ந்துவிட்டது என்று அப்பா சொல்வதை நான் அத்தையிடம் சொல்வேன். சாப்பாடு ஆறுகிறது என்று அத்தை சொல்வதை அப்பாவிடம் சொல்வேன். இருவருக்கும் நடுவே ஒரு தறிதான் இருந்தது; ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். அத்தை அவரை அதன் பிறகு ஒருநாளும் அண்ணா என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவும் இல்லை. பெரியவர்கள் என்னை நம்பிச் சொல்லி அனுப்புகிறார்கள் என்று, பள்ளிக்கூடத்தில்கூடப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.