கேட்டிலிருந்து வாசல் வரை ஜல்லி

எழுபதுகளில் எங்கள் திருவள்ளூர் வீட்டுக்கு ஸ்கூட்டர் வந்ததும், கேட்டிலிருந்து வாசல் வரை சிமெண்டுத் தளம் போடலாம் என்றார் என் கணவர். மாமனார் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஜல்லியே கொட்டுடா. யாரு வந்தாலும் போனாலும் சத்தம் கேட்டுக்கினே இருக்கும்."

அந்த 'யாரு' நான்தான் என்று அப்போதே எனக்குச் சந்தேகம். ஜல்லி கொட்டிய பிறகு, கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினால்கூட உள்ளேயிருந்து "இன்னாம்மா, எங்க?" என்று குரல் வரும்.

ஒருநாள் மத்தியானம் எரிச்சல் தாங்காமல், சத்தமில்லாமல் போய்க் காட்டுகிறேன் என்று ஜல்லி விழாத மதிலோர மண்ணில் இறங்கினேன். அங்கே ஏற்கெனவே ஒரு தடம் பதிந்திருந்தது. முழுக்க மாமனாரின் டயர் செருப்பு.

கேட்டருகே, சர்க்கரை வியாதிக்காரரான அவர் கசக்கி எறிந்த ஜிலேபிக் காகிதத்தை எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன.