பக்கவாத நோயாளியாகப் படுத்த ஞாயிறு

எங்கள் நர்சிங் பள்ளியின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்துகள்தான் ஓடும். செய்முறைத் தேர்வு நெருங்கும்போது மட்டும் ஆசிரியை மேடத்திடமிருந்து ஒற்றை வரி வரும்: "ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு எட்டு நோயாளிகள் தேவை." பத்து நிமிடத்தில் எட்டுக் கட்டிலும் நிரம்பிவிடும். பள்ளியில் இருக்கும் ரப்பர் பொம்மை முனகாது, தண்ணீர் கேட்டு அடம்பிடிக்காது. அதனால் படித்து முடித்தவர்களே வந்து நோயாளிகளாகப் படுப்பது எங்கள் வழக்கம்.

சென்ற ஆண்டு நானும் பெயர் கொடுத்தேன். நர்ஸாக வேலை பார்க்கும் சென்னையிலிருந்து காலை மின்சார ரயிலில் திருத்தணிக்கு வந்து, வீட்டில் தலையைக் காட்டினேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். படிப்பு சம்பந்தப்பட்ட எதிலும் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"இன்னாடா, நோயாளியா படுக்கறதுக்கா லீவு போட்டுகினு வந்த?"

"ஆங், நைனா."

"அதுக்கு எதுக்குடா மூணு வருசம் படிப்பு? கூப்பிட்டிருந்தா நானே வந்து படுத்திருப்பேனே!"

பள்ளியில் எனக்குக் கிடைத்தது மூன்றாம் கட்டில். தலைமாட்டு அட்டையில், 'பக்கவாதம். வலக்கை, வலக்கால் அசையாது. பேச்சு உண்டு' என்று எழுதியிருந்தது. என்னைக் கவனிக்க வேண்டியவள் அம்மையார்குப்பத்து விசைத்தறிக்காரர் வீட்டுப் பெண். முந்தைய தேர்வில் நோயாளி முன் நின்றதும் வாயடைத்து, தேறாமல் போனவள். இந்த முறையும் தவறினால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று மேடம் என்னிடம் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவளைவிட எனக்குத்தான் படபடப்பு.

விரிப்பையும் என் சட்டையையும் மாற்றுவது அவள் வேலை. வந்து நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. விரிப்பை உருவ அவள் குனிந்ததும் நானே புரண்டு படுத்தேன். புது விரிப்பின் மூலையை இழுத்துப் படுக்கைக்கடியில் செருகியும் விட்டேன். வார்டில் தினமும் செய்கிற வேலை, கை தானாகப் போகிறது. சட்டைக்கு வந்தபோது வலக்கையை அழகாகத் தூக்கிக் கொடுத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் பள்ளிப்பட்டு அக்கா, எனக்கு இரண்டு வருடம் மூத்தவர், நினைவிழந்த நோயாளியாகக் கிடந்தார். கண்ணைத் திறக்காமலே கத்தினார்: "டேய், உனக்கு அந்தக் கை வராதுடா!"

அவரைக் கவனித்த மாணவி பதறினாள். "அக்கா, நீங்க மயக்கத்துல இருக்கீங்க!"

"அவன் பண்றதப் பாத்தா செத்தவனே எழுந்துப்பான்மா. நான் மயக்கந்தான?"

நான் கையை இறக்கினேன். ஆனால் அவள் பொத்தானைக் கழற்றத் தொடங்கியதும் கை மறுபடி மேலே போனது.

"அண்ணா!" என்றாள் அவள். "நோயாளியா இருக்கறதுன்னா இருங்க. இல்லன்னா எழுந்து போங்க, நான் பொம்மைய வெச்சுக்கறேன்."

அறை வெடித்துச் சிரித்தது. மேடம் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் சிரித்துவிட்டாள். அதன்பிறகு குரல் நிற்கவில்லை. "இப்ப நல்ல கைய மொதல்ல உருவறேன்... வராத கைய நான் தாங்கிக்கறேன், நீங்க பயப்படாதீங்க." புதுச் சட்டையை வராத கையில் முதலில் ஏற்றினாள். முறை தப்பவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையைச் சும்மா வைத்திருந்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

மருத்துவமனையில் நிஜ நோயாளியோடு தேர்வு முடிந்த அன்று மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, தேறிட்டேங்க!"

"நோயாளி எப்படி?"

"நீங்களே தேவலாம். அவரு ஊசியப் பாத்ததும் பாத்ரூம்ல போய்த் தாப்பா போட்டுகினாரு. கதவாண்ட நின்னு கால்மணி நேரம் பேசினேன். பரீட்சைக்கு வந்த சாரு கடியாரத்தப் பாத்துகினே இருந்தாரு."

"வீட்ல சொல்லிட்டியா?"

"போன் பண்ணேன், தறி சத்தத்துல யாருக்கும் கேக்கல. நேராவே போய் மெஷின நிறுத்திட்டு சொல்லப்போறேன். பஸ் வந்துடுச்சு, வெச்சிடட்டுங்களா?"