ஏழு பேர் தூக்கிய டிரான்ஸ்ஃபார்மர்

கிரேன் ஓட்டுகிறவனுக்குப் பேச்சு எதற்கு என்று கேட்கிற ஆள் அவர். இருபத்திரண்டு வருடம் மேலே உட்கார்ந்து, கீழே நிற்பவன் கை காட்டக் காட்டப் பாரம் தூக்கினார். யார்டில் அவருக்கு 'முறைப்பு' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

திடீரென்று கம்பெனியை மூடினார்கள். மறுவாரமே மனைவியின் தம்பி ஒரு சீருடையோடு வந்து நின்றான். வாட்ச்மேன்களை அனுப்பும் ஏஜென்சி நடத்துகிறவன்.

"மாமா, சைஸ் சரியா இருக்கும். ஒண்ணாம் தேதிலேர்ந்து கேட்ல உக்காருங்க. தினம் என்கிட்ட வந்து ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"உன்கிட்ட வந்து நிக்கறதுக்கு நடுரோட்ல நிக்கலாம்."

"நில்லுங்க," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "ஒண்ணாம் தேதிக்குள்ள வேற வேலை கிடைச்சா சரி. இல்லன்னா பேசாம அந்தச் சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்புங்க."

அன்றைக்கே டைப்பிங் கடைக்குப் போனார். அந்த வட்டாரத்தில் வேலை தேடுகிறவர்கள் எல்லாருக்கும் பயோடேட்டா அடித்துக் கொடுப்பவள் கடைக்காரிதான். எல்லாருக்கும் அவள் டைப்பிங் அக்கா.

"என்னண்ணே படிச்சிருக்கீங்க?"

"ஏழாவது."

"அப்புறம்?"

"கிரேன் கழுவினேன்."

"கழுவினதெல்லாம் வேணாம். பெருசா ஏதாவது பண்ணியிருப்பீங்கல்ல, அதைச் சொல்லுங்க."

"பாரம் தூக்கினேன். இறக்கினேன்."

அவள் விடுகிற ஆளில்லை. தோண்டித் துருவி, மழையில் பள்ளத்தில் சரிந்த நாற்பது டன் டிரான்ஸ்ஃபார்மரை அவர் ஒரே தூக்கில் வெளியே எடுத்த கதையைப் பிடுங்கிவிட்டாள். அதையே முதல் வரியாக அடித்துவிட்டு, "படிச்சா எனக்கே உங்களுக்கு வேலை குடுக்கலாம்னு தோணுது," என்றாள். அவர் முறைத்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் ஒரு கன்டெய்னர் யார்டில் நேர்காணல். ஓட்டுநர் இடம் ஒன்றே ஒன்று. இவர் முறை கடைசியாக வந்தது. மேஜையில் தாள்களைப் பரப்பி வைத்திருந்த மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உக்காராதீங்க. சீக்கிரம் முடிஞ்சிரும். காலையிலேர்ந்து ஆறு பேர் வந்துட்டாங்க. ஆறு பேரும் மழையில நாப்பது டன் டிரான்ஸ்ஃபார்மரை ஒரே தூக்குல எடுத்திருக்காங்க. நீங்க ஏழாவது. பாவம், அதுவும் எத்தனை தடவைதான் பள்ளத்துல விழும்?"

இவர் அந்தத் தாள்களை அள்ளிப் பார்த்தார். ஒரே வரி, ஒரே எழுத்து, அடியில் ஒரே கடையின் போன் நம்பர். பெயரை மட்டும் மாற்றி, வந்தவனுக்கெல்லாம் இவர் பிழைப்பை எடுத்துப் பரிமாறியிருக்கிறாள் டைப்பிங் அக்கா.

"தூக்கினது நான்."

"அவங்களும் அதைத்தான் சொன்னாங்க. இப்படித்தான் முறைச்சாங்க."

"எங்க கம்பெனிக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"மூடின கம்பெனில யாரு எடுப்பா? கெளம்புங்க."

கிளம்பினால் நேராக மச்சினனின் கேட்தான். மேஜையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்தார். தன் தாளில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் வரியைக் கிழியும்படி கோடு போட்டு அடித்தார். தாளைத் திருப்பிப்போட்டு, கோணல் எழுத்தில் எழுதினார்.

'வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் வருடம். ஈரத் தரை. சாப்பாட்டு அவசரத்தில், கிரேனை ஊன்றி நிறுத்தும் காலுக்கு அடியில் பலகை வைக்காமல் தூக்கினேன். கிரேன் கவிழ்ந்து குடோன் சுவர் போய்விட்டது. உள்ளே ஆள் இல்லை. தப்பு என்னுடையது. மூன்று மாதம் சஸ்பெண்ட்.'

"இந்தாங்க. இதை எவனும் காப்பியடிக்க மாட்டான்."

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "வேலை கேட்டு வந்த எடத்துல, கிரேனைக் கவுத்தேன்னு எழுதிக் குடுக்கற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"நான் கவுத்தது ஒண்ணு. மத்த ஆறு பேரும் எத்தனை கவுத்தாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கல." கண்ணாடியைக் கழற்றினார். "கவுத்ததுக்கு அப்புறம்?"

"சிமென்ட் தரையா இருந்தாலும் பலகை போட்டுத்தான் தூக்குவேன். லேட்டாகும். திட்டுவீங்க. திட்டிக்கங்க."

மேனேஜர் எழுந்தார். "வெளிய ஒரு கிரேன் நிக்குது. தூக்கிக் காட்டுங்க. வாய் மட்டும் போதாது."

வெளியே வெயில் கொளுத்தியது. முறைப்பு உடனே மேலே ஏறவில்லை. தரையை நாலு பக்கமும் மிதித்துப் பார்த்தார். பலகை கேட்டார். கொண்டுவந்ததில் இரண்டு உளுத்திருந்தன. வேறு எடுத்து வரச் சொன்னார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பல்லைக் கடிப்பதுமாக இருபது நிமிடம் போயிற்று. பிறகுதான் ஏறினார். கன்டெய்னர் அலுங்காமல் எழுந்தது, திரும்பியது, போட்ட கோட்டின்மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"மூணு மாசம் பாப்பேன். சரியில்லன்னா வெளிய போக வேண்டியதுதான்," என்றார் மேனேஜர் நெற்றியைத் துடைத்தபடி. "திங்கக்கெழம காலைல ஆறு மணி. அந்த மூஞ்சிய மட்டும் கொஞ்சம் மாத்திக்கிட்டு வாங்க."

"மூஞ்சியப் பத்தி நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கல," என்றபடி அவர் கிரேனிலிருந்து இறங்கினார்.