மார்லிஸ் அண்ணி தேர்ந்தெடுத்த அடுப்பு

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தால் போதும். என் அண்ணி மார்லிஸ் அப்படித்தான் ஊரைத் தெரிந்து வைத்திருந்தாள். வடதுருவத்தை ஒட்டிய இந்த ஃபேர்பேங்க்ஸில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்குக் குளிர்காலத்துக் காலையில் வேறு என்ன வேடிக்கை இருக்கிறது? கும்மிருட்டு, கம்பத்து விளக்குகள், அவற்றின் வெளிச்சத்தில் கூரைக்கு மேல் புகை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் கதவைத் திறக்கும்போது மூக்குக்கும் சேதி வந்துவிடும். இந்த வீட்டில் ஈர விறகு, அந்த வீட்டில் குப்பையைப் போட்டு எரிக்கிறான் கடங்காரன் என்று சொல்லிக்கொண்டே போவாள்.

அவள் வீடும் அந்த வழியில்தான். ஆர்லோ, அதாவது என் அண்ணன், எண்ணெய்க் குழாய் பதித்த காலத்தில் வெல்டராக இருந்தவன். மிச்சம் விழுந்த தடித்த குழாய்த் துண்டில் அவனே ஒரு கணப்பு அடுப்பு கட்டினான். யானைக்குட்டி மாதிரி கூடத்தில் அது உட்கார்ந்திருந்தது. அண்ணி விடியுமுன் கிளம்பிப் போய், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீட்டைத் தாண்டும்போது, ஆர்லோ எழுந்து ஒரு கட்டையைத் தூக்கிப் போட்டிருப்பான். குப்பென்று ஒரு கரும்புகை கிளம்பும். "ஆளு எழுந்தாச்சு" என்று அண்ணி ஒரு ஹாரன் அடிப்பாள். அவர்கள் இரண்டு பேருக்கும் அதுதான் காலை வணக்கம்.

அந்தப் புகைதான் அவனைத் தின்றது. வெல்டிங் புகை பாதி, வீட்டுப் புகை பாதி. இங்கே குளிர் இறுகிவிட்டால் காற்று அசையாது. புகை மேலே போகாமல் கூரை மட்டத்தில் படுத்துக்கொள்ளும். இன்றைக்கு யாரும் விறகு எரிக்காதீர்கள் என்று ரேடியோவில் சொல்வான். ஆர்லோ ரேடியோவைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு இன்னொரு கட்டையைப் போடுவான். ஒரு நவம்பரில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, புகை இல்லாத இடத்துக்குப் போகாவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

மகள் கெண்ட்ரா அரிசோனாவில் இருக்கிறாள். உடனே போன் போட்டாள். "கிறிஸ்துமஸுக்கு வர்றேன். வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்சதும் புகை வாடை அடிச்சுதுன்னா, அப்பாவை மூட்டை கட்டிக் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் யாரும் அழக்கூடாது."

"அரிசோனாவுல நான் என்ன பண்றது? ஓணானோட பேசிக்கிட்டு உக்கார்றதா?" என்றான் ஆர்லோ.

"இங்க மட்டும் என்ன வாழுது? ரேடியோவோட சண்டை போடறே," என்றாள் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அடுக்களைக்கு வந்து என் கையைப் பிடித்தாள். "டெல்லா, இவனை இந்த வீட்டை விட்டுக் கிளப்பினா அங்க போய்ச் சேர்ற வரைக்குமாவது இருப்பானா? அவன் இங்கதான் இருக்கணும். புகையில்லாத அடுப்பு ஒண்ணு வாங்கணும்."

எண்ணெய் ஹீட்டர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. மைனஸ் நாற்பதில் அது தண்ணீர்க் குழாயை உறையாமல் பார்த்துக்கொள்ளும். மனுஷனைப் பார்த்துக்கொள்ளாது.

கடைக்குப் போனோம். அங்கே ஒரு பையன், இது மணிக்கு இத்தனை கிராம், அது இத்தனை கிராம் என்று புகையை எடை போட்டுச் சொன்னான். எல்லா அடுப்புக்கும் அரசாங்க முத்திரை. எல்லா அடுப்பும் பளபள.

"தம்பி, உன் வீட்டுல எதை வெச்சிருக்கே?" என்று அண்ணி கேட்டாள்.

"நான் அபார்ட்மெண்ட்ல இருக்கேங்க."

கிழிஞ்சது போ என்று நான் வெளியே வந்துவிட்டேன். அண்ணி காரில் ஏறியதும் சொன்னாள்: "கடையில எல்லா அடுப்பும் அணைஞ்சு கெடக்கு டெல்லா. அதைப் பார்த்து வாங்கறது, தூங்கிட்டிருக்கிற ஆளைப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி. எழுந்தாத்தானே குணம் தெரியும்? நான் எரியற அடுப்பைத்தான் பார்ப்பேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரநாட்களில் பஸ்ஸிலிருந்து புகைபோக்கிகளைக் கவனித்து வைத்துக்கொள்வாள். கடுங்குளிரில் நல்ல அடுப்பு வெள்ளையாக ஒரு முழம் ஆவி விட்டு அதோடு கரைந்துவிடும். கெட்ட அடுப்பின் புகை பழுப்பாகத் தொங்கும். சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போய், ஆவி மட்டும் விடுகிற வீட்டுக் கதவையெல்லாம் தட்டுவாள். அப்புறம், அரசாங்க முத்திரை போட்ட புது அடுப்பை வைத்துக்கொண்டே ரயில் இன்ஜின் மாதிரி புகைவிடுகிற வீடுகளையும் தட்டுவாள். அங்கே ஏன் கெட்டுப்போனது என்று தெரியவேண்டுமாம்.

ஒருத்தன் நாயைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தான். "புகை ஆபீஸ்லேர்ந்தா வர்றீங்க? என் வீடு, என் புகை. கெளம்புங்க."

"உன் பையன் தெனமும் கையுறையை மறந்துட்டு வர்றான். அதைக் கேக்க வந்தேன்னு வெச்சுக்கோ," என்றாள் அண்ணி. அவன் வழிவிட்டான். விலை உயர்ந்த அடுப்புதான். பக்கத்தில் அடுக்கியிருந்த விறகு அந்த இலையுதிர் காலத்தில் வெட்டியது, தட்டினால் சத்தமே வரவில்லை. அவ்வளவு ஈரம். அண்ணி அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். ஆர்லோவின் கொட்டகையில் இரண்டு கோடை காய்ந்த பிர்ச் மரத்து விறகு இருந்தது. அதில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவள் மனதை அள்ளியது ஒரே ஒரு புகைபோக்கிதான். கடைசி நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தம், ஒரு சின்னப் பச்சை வீடு. பிள்ளைகள் அந்த வாசலில்தான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். தினமும் பார்க்கிறாள், புகையும் இல்லை, வாடையும் இல்லை. குழாய்க்கு மேலே காற்று லேசாக நெளிகிறது, அவ்வளவுதான். "அடுப்பு எரியுது, ஆனா எரியற மாதிரியே தெரியல. அதை வாங்கிட்டா கெண்ட்ரா வாயைத் திறக்கமாட்டா." அந்த வீட்டை அவள் கடைசிக்கென்று வைத்திருந்தாள், பிள்ளைகள் கேக்கில் இருக்கிற பழத்தைக் கடைசியில் தின்பதுபோல.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை அங்கே போய் இறங்கினோம். வேற வீட்டுக்கு வந்துட்டோமா என்று இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பச்சை வீடு அதேதான். புகைபோக்கியிலிருந்து பழுப்பும் கறுப்புமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.

லெஸ்டர் டைட்டஸ் என்று ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து எப்போதோ வந்து தங்கியவர், தனி ஆள். அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "பஸ்ஸம்மா! உள்ள வா, உள்ள வா." உள்ளே பழைய தகரப் பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்பு. ஊரிலேயே அதைவிட மோசமான அடுப்பு இருக்க முடியாது.

அண்ணி அந்தப் பீப்பாயைச் சுற்றி வந்தாள். "தெனமும் பார்க்கிறேனே... காலைல உங்க வீட்டுல புகையே இருக்காதே?"

"நீ வர்ற நேரத்துக்கு இருக்காது," என்றார். "பிள்ளைங்க என் வாசல்லதானே நிக்குதுங்க? அதுல சின்னப் பொண்ணு ஒண்ணு, செவப்புத் தொப்பி போட்டிருக்கும், பாவம், நாய் மாதிரி இருமுது. அதனால விடியக்காலைலேர்ந்து நான் கட்டை போடறதில்ல. வெறும் கங்குதான் கெடக்கும். நீ வந்து ஏத்திக்கிட்டுப் போனதும் போட்டுக்குவேன்."

"அதுவரைக்கும்?"

"கோட்டைப் போட்டுக்கிட்டு, தொப்பியைப் போட்டுக்கிட்டு, ஜன்னலாண்ட உக்காந்திருப்பேன். மோசமில்ல."

மைனஸ் நாற்பதில் மோசமில்லையாம். எனக்கு யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது, ஆனால் யாரைத் திட்டுவது? அண்ணி, பஸ் நிறுத்தத்தைத் தெரு முக்குக்கு மாற்றிவிடுகிறேன் என்றாள். அவர் பதறிப்போனார். "வேணாம் வேணாம். காலைல அதுங்க போடற சத்தம் ஒண்ணுதான் இந்த வீட்டுக்கு. அதையும் எடுத்துடாதே." ஆர்லோவின் நெஞ்சு நோயையும் தான் அடுப்புத் தேடி வந்ததையும் சொல்லி, உங்களுக்கும் ஒரு புது அடுப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றாள். "எனக்கு எதுக்கு? உன் வீட்டுக்காரருக்கு முதல்ல பாரு," என்று உலர்ந்த மீன் ஒரு கட்டு கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அண்ணி எல்லாவற்றையும் ஆர்லோவிடம் சொன்னாள். அதுவரை அவன் ஒரே பாட்டுதான் பாடிக்கொண்டிருந்தான்: ஊரே புகையுது, என் ஒரு அடுப்பை மாத்தி என்ன ஆகப்போகுது. அன்றைக்கு அவன் பாடவில்லை. நாற்காலியைத் தன் அடுப்புப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"அந்தாளு தெனமும் குளிர்ல உக்காந்திருக்கானா?"

"தெனமும்."

"யார் வீட்டுப் பிள்ளைங்களுக்காகவோ."

"ஆமா."

"நாளைக்கு அடுப்புக்காரனை வரச்சொல்லு," என்றான்.

ஒரு விதி உண்டு. பழைய அடுப்பைக் கொடுத்துப் புதுசு வாங்கினால், பழையதை யாரும் மறுபடி எரிக்க முடியாதபடி வெட்டிப்போட வேண்டும். வெட்ட வந்த ஆள் மெஷினை எடுத்ததும் ஆர்லோ நாற்காலியிலிருந்து கத்தினான்: "யோவ், அங்க வெட்டாதே! அது நான் போட்ட நல்ல வெல்டிங். கதவுப் பக்கம் வெட்டு." வெட்டி முடிக்கும் வரை பார்த்தான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அண்ணி வாங்கியது அந்த வட்டாரத்திலேயே அழகான அடுப்பு அல்ல. அவள் பார்த்தது ஒன்றே ஒன்று. தான் பஸ்ஸில் இருக்கிற நேரம் முழுக்க ஆர்லோ எழுந்து கட்டை தூக்கக்கூடாது. உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு வில்லை, அது சூடேறிவிட்டால் புகையையே மறுபடி எரித்துவிடும். காய்ந்த விறகை விடியுமுன் ஒரு தடவை நிரப்பினால் சாயங்காலம் வரை தானாகவே எரியும். யாரும் தொட வேண்டாம். கெண்ட்ரா வந்தாள், கதவைத் திறந்ததும் நாய் மாதிரி மோந்து பார்த்தாள், திரைச்சீலையைக்கூட மோந்தாள். ஒரு வாரம் இருந்துவிட்டு, அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, தனியாகத் திரும்பிப் போனாள்.

ஆர்லோ அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினான். கோடையில் வாசலில் உட்கார்ந்து கொசுவோடு சண்டை போட்டான். இருமல் பாதியாகக் குறைந்தது. அண்ணிக்கு ஒரே ஒரு குறைதான். காலையில் வீட்டைத் தாண்டும்போது கரும்புகை இல்லை. எப்போது பார்த்தாலும் அதே வெள்ளை ஆவி. "நீ எழுந்தியா இல்லையான்னே தெரியல. எழுந்ததும் வாசல் விளக்கைப் போடேன்," என்றாள்.

"நான் என்ன கலங்கரை விளக்கமா? வேலையைப் பாத்துக்கிட்டு பஸ்ஸை ஓட்டு."

அடுத்த ஜனவரி. நல்ல குளிர், காற்று அசையவில்லை, ரேடியோவில் எரிக்காதே என்று எச்சரிக்கை. அன்றைக்கு ஊர் முழுக்கப் பழுப்பாகக் கிடந்தது, அண்ணி வீட்டுக் கூரை மட்டும் சுத்தம். பிள்ளைகளிடம் காட்டினாளாம்: "பாருங்க, அதான் என் அடுப்பு." ஹாரன் அடித்தாளாம். காலை வேலை முடித்து வீட்டுக்கு வந்தாள். கூடம் கதகதவென்று இருந்தது, அடுப்பு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. ஆர்லோ படுக்கையில் அப்படியே இருந்தான். அவள் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே போயிருக்க வேண்டும், தூக்கத்தில், இதயம் நின்று, மூச்சுத்திணறல் எதுவும் இல்லாமல் என்றார் டாக்டர். அவன் கேட்டது அதுதான், அவன் வீடு, அவன் படுக்கை. அது கிடைத்தது. அதை நான் அண்ணியிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அவன் உள்ள செத்துக் கெடக்கான், நான் வெளியே நின்னு என் அடுப்புன்னு பீத்திக்கிட்டிருந்தேன் டெல்லா. பழைய அடுப்பா இருந்தா, புகை வரலைன்னதும் பஸ்ஸை நிறுத்திட்டு ஓடியிருப்பேன்."

"ஓடி வந்து என்ன பண்ணியிருப்பீங்க அண்ணி?"

"கையைப் பிடிச்சிருப்பேன். சூடு இருக்கும்போதே."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடக்கத்துக்கு லெஸ்டர் வந்திருந்தார். இங்கே குளிர்காலத்தில் மண் இரும்பாகிவிடும், குழி வெட்ட மாட்டார்கள், வசந்தம் வரும்வரை உடல் காத்திருக்கும். மே மாதம் மண் இளகியதும் புதைத்தோம். முடிந்ததும் அண்ணி அவர் முன்னால் போய் நின்றாள். "இப்ப மாட்டேன்னு சொல்லாதீங்க." அவர் சொல்லவில்லை. அந்தக் கோடையில் பீப்பாய் அடுப்பை வெட்டிப்போட்டு, ஆர்லோவுடையதைப் போலவே ஒன்று பச்சை வீட்டுக்குள் போனது. ஆர்லோவின் கொட்டகை விறகில் பாதியும் போனது. இனி அவர் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம்.

கெண்ட்ரா அம்மாவை அரிசோனாவுக்குக் கூப்பிட்டாள். அண்ணி போகவில்லை. போன டிசம்பரில் என் கார் கிளம்பாமல், ஒரு நாள் அண்ணியின் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். பச்சை வீட்டு வாசலில் பிள்ளைகள் ஏறினார்கள். சிவப்புத் தொப்பியும் ஏறியது. கூரைக்கு மேல் வெள்ளையாக ஒரு முழம் ஆவி, சுத்தமான ஆவி. கதவை மூடினாள். பஸ்ஸை எடுக்கவில்லை. கையை ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டு அந்த வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நேரமாகுது," என்றேன்.

பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டிருந்தது. எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரை விலகியது. லெஸ்டர் பனியன் போட்டுக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு நின்று, கையைத் தூக்கிக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் அண்ணி பஸ்ஸை எடுத்தாள்.