அம்மா துடைத்த மண்கோடு

கரையான் மருந்து அடிக்க ஆட்கள் வரும் நாளில் எனக்கு அவ்வளவு பரபரப்பு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அன்று காலை காப்பி கூட இறங்கவில்லை. கேட்டுக்கும் வாசலுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். கரையானின் கதியோடு எங்கள் வீட்டின் கதியும் அன்று தெரிந்துவிடும்.

சாந்தோமில், மாதா கோவில் மணி அடித்தால் எங்கள் கூடத்துக்குள்ளேயே அடிக்கிற மாதிரி கேட்கும். தேக்கு உத்திரம் போட்ட பழைய வீடு. அப்பா போன பிறகு நானும் அம்மாவும்தான். பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்கு இதை பில்டரிடம் கொடுத்து ஃபிளாட்டாக்கிவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. போன தடவை வந்தபோது பின்னறை அலமாரியைத் திறந்தான். அப்பாவின் பாட்டுப் புத்தகங்கள் கையோடு உதிர்ந்து கொட்டின. அவனுக்கு அது போதாதா!

"உத்திரத்துல கரையான் ஏறியிருந்தா ஒரு நாள் உங்க ரெண்டு பேர் தலையிலயும் விழும்மா. ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. உத்திரம் நல்லா இருந்தா நான் இனிமே வாயே திறக்கலை. இல்லேன்னா பில்டர்தான்" என்றான்.

அம்மா தலையாட்டினாள். நான்தான் அவளுக்கும் சேர்த்து, "பார்த்துரலாம்ணா" என்று சவால் விட்டேன்.

ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். டிரில்லிங் மெஷினைத் தூக்கி வந்தவர் வாய் திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து மீசைக்காரர் பேசினார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் கூடத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாமா இது, வூடு கல்யாண வூடு மாதிரி கீது! கரையான் எங்க கீது?"

நானும் சுவர்களைச் சுற்றிப் பார்த்தேன். முந்தின நாள் நான் டி. நகருக்குப் போய்த் திரும்புவதற்குள் அம்மா வீட்டைக் கழுவித் துடைத்திருந்தாள். சுவரில் ஒரு பொட்டு மண் இல்லை. வெளி ஆள் வருகிறார் என்றால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பங்குச் சாமியார் வந்தாலும் சரி, கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தாலும் சரி, அதே வரவேற்பு. கரையான் பார்க்க வருகிறவருக்குக் கரையானையே துடைத்து வைப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே!" என்று கத்திவிட்டேன்.

மீசைக்காரர் கட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மண்ணு கோடு இருந்தாத்தான் எங்கேர்ந்து ஏறி எங்க போவுதுன்னு தெரியும். அத்த தொடச்சிட்டீங்கன்னா உத்திரத்துல எந்த எடத்தக் குத்திப் பாத்து நான் இன்னான்னு சொல்றது? உத்திரத்துக்குப் போயிருக்கலாம், போவாமயும் இருக்கலாம்."

வீடியோ காலில் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ எதுக்கு வீணா? பில்டர்கிட்ட பேசிடறேன்" என்றான். போனைத் தூக்கி எறியலாம் போல் எனக்கு ஆத்திரம்.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். பாத்ரூம் கதவுக்குப் பின்னால் போய்க் குனிந்து சுவரின் அடியில் விரலை வைத்தாள்.

"இங்கேர்ந்துதான் வரும்."

விரல் நகர்ந்தது. பின்னறை அலமாரியின் முதுகு, அங்கிருந்து கூடத்துச் சுவரின் மூலை, காலண்டருக்குப் பின்னால், அப்படியே மேலே ஏறி எங்கள் ஜெப பீடத்தின் பலகை வரைக்கும். "சனிக்கிழமை சனிக்கிழமை துடைப்பேன். அடுத்த சனிக்கிழமை அதே இடத்துல திரும்ப வந்திருக்கும். இதுக்கு மேல போய் நான் பார்த்ததில்லை." கணக்கு டீச்சராக இருந்தவள். போர்டில் படம் போட்டுக் காட்டுகிற மாதிரிதான் காட்டினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" போனிலிருந்து அண்ணன் கேட்டான்.

"உன் கண்ணுல பட்டா வீட்டை வித்துருவியோன்னு பயம்டா" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

சுத்தப் பைத்தியம் என்று எத்தனை சனிக்கிழமை அவளைக் கேலி செய்திருக்கிறேன்!

மீசைக்காரருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. அம்மா விரல் வைத்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டே போனார். பீடத்திலிருந்த மாதா சுரூபத்தை நான் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். பீடத்தின் பின்பலகையை அவர் லேசாக அசைத்ததும் பாதிப் பலகை பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிந்தன. "மாட்னாங்க!" என்று கூவினார். நானும் கூடவே கூவினேன்.

பிறகு ஏணி. பீடத்துக்கு நேர் மேலே இருக்கும் உத்திரத்தை அவர் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினார். கணீரென்று கேட்டது. சுவரோடு சேரும் முனைதான் ஆபத்து என்று சொல்லிவிட்டு, ஸ்குரூ டிரைவரைத் திருப்பிக் கூர்ப்பக்கத்தால் அங்கே ஓங்கிக் குத்தினார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்குரூ டிரைவர் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு குத்து. இறங்கவே இல்லை.

"இரும்பும்மா இது! நம்ம ஆயுசு தாண்டியும் நிக்கும்!"

மற்ற உத்திரங்களும் ஒவ்வொன்றாக அதே மாதிரி கணீரென்றன. நான் குதித்த குதியில் போன் கீழே விழுந்தது. அண்ணன் தரையிலிருந்து, "சரி, சரி, கேட்டுது. நான் வாயைத் திறக்கலை" என்று கத்திக்கொண்டிருந்தான். அம்மா உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே டீ போடச் சொன்னாள்.

மத்தியானம் முழுக்க வீடு அதிர்ந்தது. சுவர் ஓரமாக வரிசையாகத் துளை போட்டு, மருந்தைப் பீய்ச்சி, ஒயிட் சிமெண்ட்டால் அடைத்தார்கள். அலமாரிக் கட்டைகளுக்குத் தனியாக ஊசியில் மருந்து ஏற்றினார்கள். போகும்போது மீசைக்காரர் பீடம் இருந்த இடத்தைக் காட்டினார். பலகைக்குப் பின்னால் அம்மாவின் துணி எட்டாததால் ஒரு சாண் மண்கோடு தப்பியிருந்தது.

"இத்த மட்டும் தொடைக்காதீங்கமா. இப்டியே காஞ்சு கெடந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். புது மண்ணு ஏறுச்சுன்னா எனக்கு போன் பண்ணுங்க."

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மருந்தடித்ததை விட இதுதான் அவளுக்குப் பெரிய தண்டனை.

அக்டோபரில் ஜெபமாலைக்காகக் கோவிலிலிருந்து மாதா சுரூபம் வீடு வீடாக வரும். எங்கள் முறை வந்தபோது கூடம் நிறைய ஆட்கள். கோடு மறையாதபடி குட்டையாகப் புதுப் பலகை போட்ட பீடத்துக்கு மேலே அந்த மண்கோடு எல்லார் கண்ணிலும் பட்டது. பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் பாவம், உதவுவதாக நினைத்து, ஜெபத்தின் நடுவில் எழுந்து கைக்குட்டையை எடுத்தார்.

"தொடாதே!" என்று அம்மா போட்ட சத்தத்தில் ஜெபமே நின்றுபோனது.

"அழுக்கு இருக்கேக்கா..."

"இருக்கட்டும்" என்றாள் அம்மா. "அது காஞ்சு கிடக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

பிறகு ஜெபமாலையில் விட்ட மணியைத் தேடிப் பிடித்து, எல்லாரையும் விடச் சத்தமாக ஆரம்பித்தாள்.