எல்லாம் விற்றுப்போன நாள்

எங்கள் பாத்திரக்கடை ஒரே நாளில் காலியானதை நான் கண்ணால் பார்த்தேன். நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வில்லியனூரில் எங்கள் பழைய கடைத்தெருவைப் புதுப்பித்துத் திறந்துவைத்த நாள் அது.

புதுப்பிப்பதென்றால் முதலில் தோண்டுவது என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மழைக்காலம் முழுக்கத் தெரு பள்ளமாகக் கிடந்தது. பிறகு கருங்கல் பாவினார்கள். பழைய கட்டடங்களின் காரையைச் சுரண்டி, எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். வளைந்த கழுத்துள்ள விளக்குக் கம்பங்கள் வந்தன. தெரு அழகாகத்தான் ஆனது, அதைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் இரண்டு முனைகளிலும் இரும்புக் கம்பங்களை நட்டு, இனி வண்டி உள்ளே வரக்கூடாது, நடப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள்.

எங்கள் கடைக்கு யாரும் காலாற நடந்து வருவதில்லை. சுத்துக்கேணிப் பக்கத்திலிருந்து கல்யாணச் சீருக்கு டெம்போ பிடித்து வருவார்கள். அண்டாவையும் தவலையையும் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை யார் போவார்கள்? புறவழிச்சாலையில் புதிதாக ஒரு கடை வந்திருந்தது. அங்கே போனார்கள்.

அப்பாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மேல்தட்டுக் குடங்களைக் கீழே இறக்குவார், மறுநாள் திரும்ப மேலே ஏற்றுவார். வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வருவார். சாப்பிடும்போதே எழுந்துவிடுவார். நான் உள்ளே நுழைந்தால் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். அந்தப் பதற்றம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் ஒரு நிமிடம் உட்காரமாட்டேன் என்கிறாள் என்று டீச்சர் அம்மாவிடம் புகார் சொன்னார்.

திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்னால், ஏற்பாடுகளைக் கவனித்த இரண்டு பேர் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். பெரிய இடத்திலிருந்து ஆள் வருகிறார், தெரு கலகலவென்று இருக்கவேண்டும் என்றார்கள். அம்மாவின் அண்ணன் அப்போது எங்கள் கடையில் இருந்தார்.

“கும்பல்தான சார் வேணும்? எங்க குருவிநத்தத்துலேர்ந்து டெம்போவுல ஏத்தினு வந்துர்றேன். அன்னிக்கு ஒருநாள் மட்டும் வண்டிய உள்ள வுட சொல்லுங்க.”

அவர்களுக்கு வாயெல்லாம் பல். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

விழா அன்று காலை டெம்போ நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அந்த வெயிலில் எல்லாரும் பட்டுப்புடவை. நேராக எங்கள் கடைக்குள்தான் நுழைந்தார்கள். மாமாவின் மனைவி, என் அத்தை, என்னை ஏணியில் ஏற்றிவிட்டார்.

“இன்னாடி பாத்துனு நிக்கிற? அந்த இட்லிப் பானைய எட்றி! அதுக்குப் பின்னால இருக்கறதையும்!”

நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அப்பா ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றினார். ஆளுக்கொரு பாத்திரத்தோடு தெருவில் மெதுவாக நடந்து, டெம்போவில் வைத்துவிட்டு, மறுபடி வந்தார்கள். அத்தை மட்டும் எத்தனை முறை வந்தாரோ! எங்கள் மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்து, அவருக்கு இன்னும் வேகமாக எடுத்துக் கொடுத்தேன். யாரும் பேரம் பேசவில்லை. சொந்தக்காரர்கள் பேசமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவைத் திறந்துவைக்க வந்த பெரிய மனிதர் கேமராக்களோடு எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் இன்னும் ஏணியில்தான் இருந்தேன்.

“இன்னா பாப்பா, தெரு புதுசா ஆயிடுச்சே, வியாபாரம்லாம் எப்படி?”

“எல்லாமே போயிடுச்சு சார்!” என்று கத்தினேன். “ஒரு கரண்டிகூட மிச்சம் இல்ல!”

அவர் கூட வந்தவர்களிடம் திரும்பி, “கேட்டீங்களா?” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். காலியான அலமாரித் தட்டுகளுக்கு முன்னால் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அப்பா சிரிக்க ஆரம்பித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சிரிப்பதைப் பார்த்தேன். ஆனால் அவரால் நிறுத்த முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தார், வலித்தது.

அந்தச் சாமான்களை ஒருவரும் வாங்கவில்லை, மாமா வீட்டு மாடியில் கொண்டுபோய் அடுக்கினார்கள் என்பது பிறகு தெரிந்தது. தெருவே வேடிக்கை பார்க்கக் கடையைக் காலிசெய்ய அப்பாவுக்கு மனம் வரவில்லை. அதனால் அந்தக் கும்பலுக்கு நடுவே, விற்பதுபோலக் காலிசெய்தார்.

அன்று எனக்கு அது தெரியாது. கூட்டம் கலைந்ததும் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் வந்தார். அப்பா கடையைப் பூட்டி, சாவியை அவர் கையில் கொடுத்தார். இவ்வளவு வியாபாரம் பார்த்த களைப்பில் அப்பா நாளைக்கு நேரம் கழித்துத்தான் எழுந்திருப்பார், அதுவரை இவர் கடையைத் திறந்துவைத்திருப்பார் போல என்று நினைத்துக்கொண்டேன். நல்ல மனிதர் என்று அவருக்கு ஒரு வணக்கமும் வைத்தேன்.