சைக்கிள் மிதித்த கால்

சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது நாங்கள் சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய குடியிருப்பில் இருந்தோம். கணவருக்கு அங்கே அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் எங்கள் அலுவலக வேன் திருப்போரூரோடு திரும்பிவிடும். அதற்குத் தெற்கேயிருந்தும் ஆட்கள் வேலைக்கு வருவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அதனால் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினோம். போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது.

நான் வேகமாக ஓட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பூஞ்சேரியில் திரும்பியதும் முன்னால் போகும் பஸ்ஸை முந்துவேன். முந்திய கையோடு அடுத்த லாரியின் முதுகில் போய் முட்டுவது போல் பிரேக் அடிப்பேன். அப்புறம் அதையும் முந்துவேன். கேளம்பாக்கம் வரைக்கும் இதே கூத்துதான். பெட்ரோல் விலையோ ஏறிக்கொண்டே போனது. "நீ சம்பாதிக்கிறது நமக்கா, பெட்ரோல் பங்க்காரருக்கா?" என்று கணவர் சிரிப்பார். காருக்கு வயசாகிவிட்டது, அதனால் குடிக்கிறது என்பது என் பதில். அதை நான் மனதார நம்பினேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மதியம் கேன்டீனில் அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தவள், என்னைவிட நாலைந்து வயது இளையவள்.

"யக்கா, நீங்க சதுரங்கப்பட்டினத்துலர்ந்தா வர்றீங்க? என் வூடும் அந்தாண்டதான். டெய்லி ரெண்டு பஸ் மாறி வந்துகினு கீறேன். பெட்ரோல்ல பாதி நான் போட்டுடறேன், என்னியும் ஏத்திக்கினு போங்களேன்."

திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் உள்ளடங்கிய ஒரு சிற்றூர் அவளுடையது. அப்பாவும் அம்மாவும் சொந்தமாக ஒரு சென்ட் நிலமில்லாமல் மற்றவர்கள் வயலில் கூலி வேலை செய்தவர்கள். பிறகு அப்பாவுக்கு எங்கள் குடியிருப்பிலேயே தோட்ட வேலை கிடைத்தது. அவள்தான் அந்தக் குடும்பத்தில் அலுவலகம் என்று போன முதல் ஆள். முதல் சம்பளத்தில் அவள் செய்தது செங்கல்பட்டில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்ததுதான். கையில் லைசென்ஸ் இருந்தது, கார்தான் இல்லை. அதனால், "ஒரு வாரம் நீங்க ஓட்டுங்க, ஒரு வாரம் நான் ஓட்டறேன்" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

அவள் ஓட்டிய முதல் நாள் எனக்குப் பொறுக்கவே முடியவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தாள். முட்டை மேல் கால் வைப்பது போல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். சடசடவென்று டாப் கியருக்குப் போய், அப்புறம் ஒரே வேகம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். வழிவிட்டு ஒதுங்கினாள். எனக்கு மானம் போனது.

"ஏம்மா, ரோடு காலியாத்தான கெடக்கு? காலை ஏன் எடுத்துட்ட?"

"தோ பாருங்கக்கா, அங்க மாடு தாண்டுது."

மாடு எங்கோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. அவள் காலை எடுத்த பிறகும் கார் தன் போக்கில் உருண்டு போனது. நாங்கள் போய்ச் சேரும்போது கடைசி மாடும் சாலையை விட்டு இறங்கியிருந்தது. அவள் பிரேக்கைத் தொடவே இல்லை. எங்களைச் சீறிக்கொண்டு முந்திப்போன இரண்டு கார்கள் அதே இடத்தில் கிரீச்சிட்டு நின்று, அப்போதுதான் மறுபடி முதல் கியர் போட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் நிற்காமலே அவர்களைத் தாண்டினோம்.

அன்று மாலை காற்றடிக்கும் கடையில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் காற்று பார்க்கச் சொன்னாள். நாலிலும் குறைவாகத்தான் இருந்தது. நான் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்றோ. பிறகு டிக்கியைத் திறந்தாள். உள்ளே ஊரிலிருந்து கொண்டுவந்து இறக்கச் சோம்பல்பட்டு விட்டிருந்த அம்மிக்கல் இருந்தது.

"இது இன்னாத்துக்குக்கா டெய்லி சிறுசேரிக்கு வேலைக்கு வந்துகினு கீது?"

காற்றடித்துக்கொண்டிருந்தவர் கைவேலையை விட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றே அம்மி சமையலறைக்குப் போனது.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பந்தயம் கட்டினோம். திங்கட்கிழமை டேங்கை வாய்வரைக்கும் நிரப்புவது, அந்த வாரம் ஒருத்தி ஓட்டுவது, சனிக்கிழமை மறுபடி நிரப்பிப் பார்ப்பது. முதல் வாரம் என்னுடையது. அம்மி இறங்கியாகிவிட்டது, சக்கரத்தில் காற்று இருக்கிறது, இனி என்ன என்று வழக்கம்போல ஓட்டினேன். அடுத்த வாரம் அவள். சனிக்கிழமை பெட்ரோல் பங்கில் நின்று பார்த்தபோது மீட்டர் ஓடி நின்ற இடத்தை நான் நம்பாமல், "முழுசா நிரம்பிடுச்சா?" என்று இரண்டு தடவை கேட்டேன். எனக்குப் போன பெட்ரோலில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அவளுக்குக் குறைவு. அதே கார், அதே சாலை. அலுவலகம் போய்ச் சேர அவளுக்கு என்னைவிட ஐந்தாறு நிமிஷம் கூடுதலாகியிருந்தது, அவ்வளவுதான். காருக்கு வயசாகிவிட்டது என்ற பேச்சை அன்றோடு விட்டேன்.

"எங்க கத்துக்கிட்ட இதை? டிரைவிங் ஸ்கூல்லயா?"

"அவங்க எட்டு போடத்தான் கத்துக்குடுத்தாங்க" என்று சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "எட்டாவதுலர்ந்து பன்னண்டாவது வரிக்கும் திருக்கழுக்குன்றத்துக்கு சைக்கிள்லதான் போனேன். ஏழு கிலோமீட்டரு. பின்னாடி கேரியர்ல தங்கச்சி. சாயங்காலம் வூட்டுக்கு வர்ச்சொல்ல கடல்காத்து மூஞ்சில அடிக்கும். ஒரு வாட்டி பிரேக் புடிச்சா, அது வரிக்கும் மிதிச்சதெல்லாம் வீண். மறுபடி நான்தானே மிதிக்கணும்? அதனால எட்டக்கவே, தூரத்துலர்ந்தே பாத்துக்குவேன். எவன் குறுக்க வருவான், எங்க பள்ளம் கீது, எங்க இறக்கம் வரும்னு. கார்ல மிதிக்கறது நாம இல்லதான். ஆனா எதுவோ மிதிக்குதில்ல?"

நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனவள்தான், அப்பாவின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து. பிரேக் பிடித்தால் ஏதோ ஒன்று வீணாகிறது என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அதன்பிறகு நானும் பழக ஆரம்பித்தேன். புதிதாகக் கற்றவளின் ஆர்வக்கோளாறில் ஒருநாள் ஒரு பாலத்து இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினையும் அணைக்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"அது மட்டும் வேணாங்க்கா. எஞ்சின் ஆஃப் பண்ணா பிரேக் சரியா புடிக்காது, ஸ்டீரிங்கும் டைட்டாயிடும். ஸ்கூல் புள்ளைங்க தாண்டற ரோடு. அத்தினி பெட்ரோல் மிச்சம் புடிச்சி நமக்கு ஒண்ணும் ஆவ வேணாம்."

எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் மேல் எனக்கு இருந்த மதிப்பு கூடியது அந்த இடத்தில்தான்.

ஒரு வருஷத்துக்கும் மேல் இப்படிப் போனது. பிறகு ஒரு வாரம் டேங்கர் லாரிகள் ஓடாமல் பங்குகளில் பெட்ரோல் தீர்ந்துபோனது. எல்லா இடத்திலும் கயிறு கட்டி 'ஸ்டாக் இல்லை' என்று பலகை மாட்டினார்கள். இரண்டு நாள் ஓட்டினோம். அதற்குள் ரிசர்வ் விளக்கு எரிந்துவிட்டது. மூன்றாம் நாள் காரை வீட்டில் நிறுத்திவிட்டு லீவு போட்டேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவளிடமிருந்து போன். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவளின் குரல் அன்று நடுங்கியது.

"யக்கா, இன்னிக்கு தங்கச்சிக்கு செங்கல்பட்டுல நர்சிங் செலக்ஷன். ஒம்போதரைக்குள்ள உள்ள போயிடணும். ஆறு மணிலர்ந்து நிக்கறோம், ஒரு பஸ்ஸும் நிறுத்த மாட்டேங்கறான். ஃபுட்போர்டுலயே எடம் இல்ல. ஆட்டோ ஒண்ணும் ஓடல. கார்ல எவ்ளோ கீது?"

"லைட் எரியுது. எவ்வளவு தாங்கும்னு தெரியல."

சொல்லும்போதே நான் சாவியை எடுத்துவிட்டிருந்தேன்.

அவள் ஊர் வரைக்கும் நான்தான் ஓட்டினேன், அவள் ஓட்டுவது போலவே. சாலையோரத்தில் அக்காவும் தங்கையும் நின்றுகொண்டிருந்தார்கள். தங்கை சர்டிஃபிகேட் ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தாள். நான் இறங்கிச் சாவியை நீட்டினேன். "நீ ஓட்டு. நான் ஓட்டினா வழியிலயே நின்னுடும்."

செருப்பைக் கழற்றினாள். ஏசியைத் தொடவில்லை. அவள் கண்கள் சாலையில் எங்கோ ரொம்ப தூரத்தில் இருந்தன. திருக்கழுக்குன்றத்தில் கோயில் பக்கம் கூட்டமாக இருக்கும் என்று யோசித்து முன்கூட்டியே ஒரு பக்கத் தெருவில் திருப்பினாள். ஊர் தாண்டியதும் ஒரு மேடு. அதற்கு வெகுதூரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டினாள். மேட்டில் கார் ஏறும்போது எஞ்சின் இரைச்சலே கூடவில்லை. ரயில்வே கேட்டில் ஆள் கம்பியை இறக்குவதை நான் பார்ப்பதற்குள் அவள் காலை எடுத்துவிட்டாள். கார் தானாக உருண்டு போய் வரிசையின் கடைசியில், புளியமர நிழலில் நின்றது. உடனே எஞ்சினை அணைத்தாள். சுற்றிலும் மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. ரயில் போகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். பின்சீட்டில் தங்கை ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், வேண்டுதலாக இருக்கும்.

கேட் திறந்து கார் கிளம்பியதும் ஒரு தடவை லேசாக இருமியது. அவள் முகம் மாறவில்லை. அதன்பிறகு அது இருமவில்லை.

ஒன்பது இருபதுக்கு அந்த வளாகத்தின் வாசலில் இருந்தோம். தங்கை கதவைச் சாத்தக்கூட மறந்து ஓடினாள். அவள் உள்ளே போய் மறைந்ததும்தான் இவள் ஸ்டீரிங்கில் இருந்து கையை எடுத்தாள். இரண்டு உள்ளங்கைகளும் வேர்வையில் நனைந்திருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாக்கா, சின்னப்புள்ள மாதிரி?" என்று என் தோளைத் தட்டினாள்.

"கார் திரும்பிப் போகுமா?"

"கொஞ்ச தூரம் ஓடும். ஆனா வூட்டுக்குப் போவாது. நடுவுல நின்னா மூணு பேரும் தள்ளணும். இங்கியே ஓரமா வுட்டுட்டு சாயங்காலம் பஸ்ல தொங்கிக்கினு போவலாம், வாங்க. மொதல்ல ஏதாச்சும் நாஸ்தா துன்னலாம்."

அப்படியேதான் செய்தோம். பங்குகள் திறந்து, நானும் கணவரும் கேனோடு போய் எடுக்கும் வரைக்கும் கார் செங்கல்பட்டிலேயே கிடந்தது. பறவைகள் எச்சமிட்டு அதன் கூரையை ஒரு வழி பண்ணியிருந்தன.

தங்கைக்கு இடம் கிடைத்தது. படித்து முடித்து, நர்ஸாக வேலையிலும் சேர்ந்தாள். அதற்கடுத்த வருஷம் இவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் குன்னூரில் வங்கி வேலை. சிறுசேரி வேலையை விட்டுவிட்டு அங்கேயே ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியையாகச் சேர்ந்தாள். சொந்தமாகக் காரும் வாங்கினாள். போன் பண்ணும்போது நான் முதலில் கேட்பது மைலேஜ்தான்.

"அத்த ஏன்க்கா கேக்கறீங்க? ஒரே ஏத்தம், வளைவு. இந்த மலைல என் ஜம்பம் ஒண்ணும் பலிக்கல. பேஜாரா கீது."

"அப்ப என்ன பண்ற?"

"பள்ளிக்கூடம் கிட்டதான். நடந்து போறேன்."